காவும் காவலும்



தமிழில் 'கா' என்பது ஓரெழுத்து ஒருமொழி. சோலை என்பது அதற்கு ஒரு பொருள். காத்தருள் என்பது இன்னொன்று. கிறித்தவ வாழ்வில் தோட்டம் எவ்வாறு அடைக்கலமாகிறது என்று பேசப் பணித்தீர்கள். விடை இந்த ஓரெழுத்திலேயே அடங்கியிருப்பதாகக் கருதுகிறேன். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் அவ்வூரைத் திருக்காவலூர் என்றழைத்துக் கலம்பகமும் பாடினார். அடைக்கலத்துக்கு அவர் தேர்ந்த சொல் காவல்! இத்தாலியிலிருந்து வந்தவரின் செவி நுட்பம் வியப்புக்குரியது.

நம் கவிதைகளிலோ தோட்டம் என்றால் பூவும் தென்றலும் வந்துவிடுகின்றன. ராசிங்காபுரத்தில் நின்றுகொண்டு அதை ஒப்ப மனம் வரவில்லை. இங்கே 'தோட்டத்துக்குப் போகிறேன்' என்றால் வேலைக்குப் போவதாகப் பொருள். விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டைக் கடக்கும் பெண்கள் இளைப்பாறவா போகிறார்கள்? ஏலச்செடி நேர்வெயில் தாங்காது. மேலே மரம் நிற்கவேண்டும். அம்மரத்தின் கிளையை அளவறிந்து கழிக்க ஆள் வேண்டும். நிழல் மிகுந்தால் அழுகல், குறைந்தால் கருகல். நிழல் தானாக வாய்ப்பதன்று.

விவிலியமும் அப்படித்தான் பேசுகிறது. ஏதேனில் மனிதன் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்கிறது ஆதியாகமம். கெத்செமனே என்ற பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். இயேசு சீடரோடு அடிக்கடி கூடிய இடம் அது; துயர இரவிலும் அங்கேதான் சென்றார். விழித்திருக்கச் சொன்னார், அவர்கள் உறங்கினர். ஜான் பனியனின் பயணியும் (1678) மலையேற்றத்தின் நடுவே ஒரு பந்தல் நிழலில் கண்ணயர்ந்து கைச்சுருளைத் தவறவிடுகிறான். அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்தார் என்பது இவ்வவை அறிந்ததே. நிழல் இளைப்பாறத் தரப்பட்டதுதான். ஆனால் அங்கும் விழிப்பு வேண்டியிருக்கிறது.

இயேசுவின் கல்லறையும் ஒரு தோட்டத்தில்தான் இருந்தது. இருட்டோடு வந்து அழுது நின்ற மகதலேனா மரியாள், உயிர்த்தெழுந்து எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். மயக்கம் என்று நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். அவள் எண்ணியது முற்றும் பிழையன்று என்று 6ஆம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை கிரகோரியார் மறையுரை செய்தார். அன்பின் விதைகளை அவளுள்ளத்தில் நட்டவர் அவரல்லரோ என்பது அவர் வாதம்.

விடியுமுன் ஜீப்பேறும் நம் பெண்களைப் பாடவிருக்கும் கவிஞர் எவரேனும் அந்த மரியாளையும் ஒருமுறை நோக்கவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.