வெள்ளாறே பாடநூல்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் திட்டக்குடியை ஒட்டி ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அக்கழிமுகத்தின் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அமைந்துள்ளது. அங்கே அறிஞர்கள் ஆற்றையே நூலாகக் கொண்டு பயில்கின்றனர். இங்கே ஆற்றங்கரைப் பிள்ளைகளோ நீர்ச் சுழற்சியைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்கின்றனர்.

மாற்று வழி உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், பிள்ளைகளை வயலுக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்றது. 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. ஆயினும் 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, தம் ஊர்ச் சிக்கலைத் தாமே ஆராயும் வழியைச் சிறுவர்க்குத் திறந்தது.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிப் பார்க்கும் பிள்ளை, மணற்பரல்களுக்கிடையே நீர் தங்குவதைக் கண்ணாரக் காணும். மணல் போனால் கரையோரக் கிணறு ஏன் வற்றுகிறது என்பதை அதற்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிந்த பிள்ளை காக்கும்.

இதில் கவிஞர்க்கு என்ன பணி? கரையில் வளரும் புல்லுக்கும் பூண்டுக்கும் முதியோர் நாவில் இன்னும் பெயர் உண்டு. பெயர் மறைந்தால் பொருளும் பார்வையிலிருந்து மறையும். அப்பெயர்களைத் திரட்டிப் பள்ளிகளுக்கு வழங்குவோம். பதினோராம் ஆண்டின் முதற்பணி அதுவாகட்டும் என வேண்டி அமைகிறேன்.