எடை போட்டது யார்?



2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம். அப்போது இந்த ஊர் டீக்கடைகளில் ஒரே பேச்சு, எந்த இடம் என்பதுதான். பேரிகைப் பக்கமா, சூளகிரிப் பக்கமா, ஏற்கெனவே ஓடுதளம் உள்ள பேளகொண்டப்பள்ளியா? பல அளவுகோல்களை வைத்து மாற்றுகளைத் தரவரிசைப்படுத்தும் நம் துறைக்கு இதைவிட உயிருள்ள கணக்கு வேறு வேண்டியதில்லை.

நில விலை, சாலைத் தொலைவு, இடிபடும் வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஈடுகட்டக்கூடியவை; ஒவ்வொன்றுக்கும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ப ஓர் எடை போடலாம். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம், 150 கி.மீ. தொலைவுக்குள் இன்னொரு பன்னாட்டு நிலையம் வருவதற்கு 2033 வரை குறுக்கே நிற்கிறது. பெங்களூரு எச்.ஏ.எல். விமான தளத்தின் வான்வெளிக்குப் பாதுகாப்புத் துறையின் இசைவும் தேவை. இவை எடை அல்ல, வாசல். வாசல் திறக்காவிட்டால் நிலம் எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்? இத்தகைய தடைகளுக்கும் 0.2, 0.3 என எடை போட்டுக் கூட்டிய ஆய்வேடுகளைத் திருத்தியிருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. ஓர் அளவுகோலில் மிக மோசமாக இருப்பதை மற்றவற்றின் நன்மை மூடிமறைக்கக் கூடாது என்பதை பெர்னார் ராய் 1960களிலேயே எலக்ட்ரே முறைக்குள் வைத்துவிட்டார்.

வாசலைக் கடந்த பிறகும் எடைதான் சிக்கல். சிப்காட் தொழிற்பேட்டையில் வார்ப்பு வாங்கும் ஒரு தொழிற்சாலையை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் சப்ளையருக்கு மதிப்பெண் விலையில் 9, தரத்தில் 5. இரண்டாமவருக்கு 6, 9. விலைக்கு 0.6, தரத்துக்கு 0.4 என்றால் 7.4க்கு 7.2 என முதலாமவர் ஜெயிக்கிறார். இரண்டுக்கும் 0.5 போடுங்கள், 7க்கு 7.5 என ஆர்டர் கைமாறிவிடும். வார்ப்பில் ஒரு மாற்றமும் இல்லை.

தாமஸ் சாட்டியின் ஏ.எச்.பி. முறையில் முரண்பாட்டு விகிதம் 0.1க்குள் இருந்தால் எடைகளை ஏற்கிறோம். எடை சொன்னவர் முன்னுக்குப் பின் அதிகம் முரணாகச் சொல்லவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. யாரைக் கேட்கவில்லை என்பதை அது காட்டாது.

அந்த முறையின் படிவத்தோடு போய், பாகலூர் பக்கம் ரோஜா பயிரிடும் ஒருவரிடம், நிலமா இழப்பீடா, எது எத்தனை மடங்கு முக்கியம், 1 முதல் 9க்குள் சொல்லுங்கள் என்று கேட்டேன். பசுமைக்குடிலுக்குள் சொட்டுநீர்க் குழாயைக் காலால் ஒதுக்கியபடியே, "நம்பர் சொன்னா எடுத்துக்குவீங்களா சார்?" என்றார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தரவரிசை அட்டவணையைத் திரையில் காட்டும் முன், எடை போட்டவர்கள் யார், எத்தனை பேர், அவர்களில் நிலம் இழப்பவர் உண்டா என்று சொல்லுங்கள். எடையைச் சற்று அசைத்தால் முதலிடம் எங்கே கவிழ்கிறது என்பதையும் காட்டுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.