கல்லு சுடுது, தண்ணி ஏன் சுடலை?



சித்திரை வெயிலில், மதிய நேரம், ரமணாசிரமம் பக்கம் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நாம எல்லோரும் நடந்திருக்கோம். கருங்கல்லில் கால் வைக்க முடியாது. பக்கத்திலேயே பாலி தீர்த்தத்தில் தண்ணீர் இருக்கிற நாளில் காலை நனைத்தால் குளுகுளுன்னு இருக்கும். ரெண்டுக்கும் ஒரே வெயில்தானே?

ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதே எடை எண்ணெய்க்கு ஏறக்குறைய பாதி போதும். கருங்கல்லுக்கு ஐந்தில் ஒரு பங்கே போதும். இதைத்தான் பிள்ளைகள் பாடத்தில் 'தன்வெப்ப ஏற்புத்திறன்' என்று படிக்கிறார்கள்.

பௌர்ணமிக்கு பஜ்ஜிக் கடை போடும் நமக்கு இது ரொம்ப முக்கியம். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து சத்தம் போடும். அதுக்கு மேல் ஏறாது. எண்ணெய் சத்தமில்லாமல் 200 டிகிரியையும் தாண்டிவிடும். புகை வந்தால் உடனே அடுப்பை அணைக்கணும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டுப் போட்டு மூடணும்.

எண்ணெய் கையில் பட்டுவிட்டால் மை, பற்பசை எதுவும் தடவ வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சூட்டை நிறைய வாங்கிக்கொள்ளும் குணம் தண்ணீருக்கு உண்டு. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழுக் கடன் வாங்கித்தான் கடை போடுகிறோம். கை வெந்து உட்கார்ந்தால் தவணையை யார் கட்டுவது? அடுத்த பௌர்ணமிக்கு வாணலியோடு ஒரு மூடியும், கைக்கு ஒரு குடம் தண்ணீரும் மறக்காமல் எடுத்துப் போவோம்.