எந்த சர்வரில் சேருவது?



2022 அக்டோபரில் டிவிட்டர் 4,400 கோடி டாலருக்கு ஈலான் மஸ்க் கைக்குப் போயிற்று. கோடிக்கணக்கான ஜனங்களின் எழுத்தும் சிநேகிதமும் அந்த விற்பனையில் சேர்ந்தே போயின. எழுதியவர்களை யாராவது கேட்டார்களா? இல்லை. அதற்கு முன்பே, 2019 நவம்பரில், சுப்ரீம் கோர்ட் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டிவிட்டர் முடக்கியபோது, நம் நாட்டில் பலர் மாஸ்டடானை நாடிச் சென்றனர். வாசலிலேயே அவர்களை நிறுத்தியது ஒரு கேள்வி: எந்த சர்வரில் சேருவது?

மாஸ்டடான் என்பது ஒரு கம்பெனியின் ஒரே கட்டடம் அல்ல. ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016-ல் வெளியிட்ட மென்பொருள் அது. யாரும் அதை இலவசமாக எடுத்துத் தம் சர்வரில் நிறுவி நடத்தலாம். அப்படி ஆயிரக்கணக்கான சர்வர்கள் நடக்கின்றன. ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதி அவற்றை இணைக்கிறது. மதுரைத் தபாலாபீசில் போட்ட கடிதம் பம்பாயில் பட்டுவாடா ஆவதைப் போல, ஒரு சர்வரில் எழுதியது மற்றொன்றில் இருப்பவருக்குப் போய்ச் சேருகிறது.

"அப்படியானால் எங்கே சேர்ந்தால் என்ன?" என்று கேட்கலாம். அது சரியல்ல. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு நிர்வாகி உண்டு. ஆகவே, சேருமுன் நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது: நடத்துவது யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மாஸ்டடான்.லால் என்ற சர்வரை நடத்தியவர், அதை மூடப்போவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தார். அங்கிருந்தோர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

இரண்டாவது: விதிகள் என்ன? வெறுப்புப் பேச்சுக்கு இடம் தந்த காப் என்ற தளம் 2019-ல் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. பல சர்வர்கள் அதனோடு தொடர்பை அறுத்துக்கொண்டன. அத்தகைய சர்வரில் சேர்ந்தால், நல்லவர் எழுதியதும் வெளியே போகாது.

மூன்றாவது: நாளைக்கு என்ன ஏற்பாடு? மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் சில உறுதிகள் தர வேண்டும்: தினசரி நகல் எடுப்பது, அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி இருப்பது, மூடுவதானால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்வது. நாம் சேரும் இடம் இந்த உறுதி தந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது: எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ்? ஆப்கானிஸ்தானின் .ஏஎஃப் முகவரியில் நடந்த க்வியர்.ஏஎஃப் சர்வர், 2024 பிப்ரவரியில் தாலிபான் சர்க்கார் முகவரியை முடக்கியதும் நின்றது. அமெரிக்காவில் கொலெக்டிவா சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டில், வேறு வழக்கு சம்பந்தமாக, 2023 மே மாதத்தில் எப்.பி.ஐ. சோதனையிட்டபோது, சர்வரின் தகவல் நகலும் அவர்கள் கைக்குப் போயிற்று. மாஸ்டடானில் இருவர் தனியே எழுதிக்கொள்வதையும் நிர்வாகியால் படிக்க முடியும். ரகசியத்தை அங்கே எழுதாதீர்கள்.

பிடிக்காவிட்டால் வெளியேறலாம்; டிவிட்டரில் இல்லாத பெரிய உரிமை இது. நம்மைப் பின்தொடர்வோரும் புது இடத்துக்கு வந்துவிடுவார்கள். ஆனால் எழுதிய பதிவுகள் வரமாட்டா. ஆகவே, விசாரிப்பதை முதலிலேயே விசாரிப்போம். நம் எழுத்தின் நகலை அவ்வப்போது இறக்கி வைப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல வீட்டுக்காரரைத் தேடுவது மட்டும் விடுதலை ஆகாது. இயந்திர வாடகை கட்டுவதும், இரவில் விழித்து வசைகளை நீக்குவதும் உழைப்புத்தான். அந்த உழைப்பை ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, மற்றவர் இலவசமாக அனுபவித்தால் எத்தனை நாள் நிற்கும்? சோஷியல்.கூப் என்ற சர்வரை அதன் அங்கத்தினர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். சந்தா கட்டுகிறார்கள், விதிகளை ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதனால் அங்கே சச்சரவே இல்லை என்று அர்த்தமல்ல. சச்சரவைத் தீர்க்கும் உரிமை அங்கத்தினர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

எனவே நண்பர்களே, சேரும் இடத்தில் நமக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்க வேண்டாம். நம் பங்குச் சந்தா எவ்வளவு, நம் பங்கு வேலை எது, நம் ஓட்டு எங்கே என்று கேட்போம். பதில் சொல்லும் சர்வரில் சேருவோம்.