களனிப் பள்ளத்தாக்கு வழியே மலைநாட்டுக்கு



நுவரெலியாவுக்குப் போவதென்று முடிவு செய்தவர்கள் நாளைக் குறிக்கின்றார்கள், தங்குமிடத்தைத் தேடுகின்றார்கள், கம்பளி ஆடைகளைப் பெட்டியில் அடுக்குகின்றார்கள். எவ்வழியாகப் போவது என்பதை மாத்திரம் சாரதியின் பொறுப்பில் விட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கண்ணயர்ந்து விடுகின்றார்கள். மலைநாட்டுப் பயணத்தில் வழியே பாதிப் பயணம் என்பது என் எண்ணம். ஆதலால் அவ்வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

கொழும்பிலிருந்து நுவரெலியாவை அடைய முக்கியமான வீதிகள் மூன்று உள. கடுகண்ணாவைக் கணவாயூடாகப் பேராதனைக்கு ஏறி, அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று செல்வது ஒன்று. அவிசாவளையிலிருந்து களனி கங்கையைத் தொடர்ந்து சென்று, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை வழியாக ஏறுவது மற்றொன்று. இரத்தினபுரி, பலாங்கொடை, அப்புத்தளை என்று தெற்கே வளைந்து வருவது மூன்றாவது. இம்மூன்றாவது வழி நீண்டது. தனியே ஒருநாட் பேச்சுக்குரியது. அதனை இங்கே விட்டுவிடுகின்றேன். முதலிரண்டுக்கும் இடையிலேதான் போட்டி.

இந்தப் போட்டி 2024 ஆம் ஆண்டு எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறைக்குள்ளே நடைபெற்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நாற்பது பேரை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தோம். சமவெளியிற் பிறந்து, ஆறென்பதையே காணாது வளர்ந்த பிள்ளைகள். வட்டமாகச் சுற்றிவரும் பயணம் அது. கண்டி வழியாக ஏறிக் களனிப் பள்ளத்தாக்கினால் இறங்கலாம். அன்றிக் கொழும்புக்கு முதலிற் சென்று, களனிப் பள்ளத்தாக்கினால் ஏறி, இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கலாம். தூரத்தில் பெரிய வேறுபாடில்லை.

புவியியல் ஆசிரியை ஏறுவதையே விரும்பினார். ஓர் ஆற்றைக் கீழிருந்து மேல்நோக்கித் தொடர்ந்தாற்றான் அதன் இயல்பு பிள்ளைகளுக்கு விளங்கும் என்பது அவர் வாதம். எனக்கும் அதுவே உவப்பாயிருந்தது. அந்நேரம் வாடகைக் கணக்குப் பேச வந்து வாசலில் நின்ற பஸ் வண்டிச் சாரதியையும் உள்ளே அழைத்துக் கேட்டேன். அவர் என்னிலும் மூத்தவர். முப்பது வருடங்கள் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்.

"சொல்லுங்கள் அண்ணை, எது நல்லது?" என்றேன்.

"ஏற்றத்தில் எஞ்சின் தவறினால் வண்டி நிற்கும், ஐயா. இறக்கத்தில் பிரேக் தவறினால் வண்டி நிற்காது. இறம்பொடையை ஏறுவோம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு இறங்குவது வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பேராதனை முதல் நுவரெலியா வரை ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக ஏறத்தாழ 120 கிலோமீற்றர். நுவரெலியா 1,870 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கின்றது. இறம்பொடை வீதியிலோ அவ்வுயரத்தின் பெரும்பகுதியைக் குறுகிய தூரத்துக்குள், கொண்டையூசி வளைவுகளால் இறங்கித் தீர்க்கவேண்டும். நீண்ட இறக்கத்திற் பிரேக்கை ஓயாது மிதித்தால் உராய்வினாற் சூடேறி அதன் பிடி தளர்ந்துவிடும். காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்காயின், விட்டுவிட்டு மிதிக்கும்போது சேமித்த அழுத்தமும் குறைந்து போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலே இறங்கவேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்வது இதனாலேயே.

சாரதியின் சொல்லைக் கேட்டால் அழகை இழப்போம். ஆசிரியையின் சொல்லைக் கேட்டால் நெஞ்சில் ஒரு பாரத்தோடு போவோம். இரண்டு நாட்களாக நான் முடிவு சொல்லவில்லை. நாற்பது பெற்றோருக்கு விடை சொல்லவேண்டியவன் நான். பின்பு கிடைத்த வழியைச் சொல்லுமுன், அந்தப் பள்ளத்தாக்கின் அழகு எத்தகையது என்பதை நேயர்களுக்குச் சொல்லவேண்டும். இல்லையேல் நான் எதற்காகத் தயங்கினேன் என்பது விளங்காது.

அவிசாவளையைக் கடந்ததும் வீதியின் இருமருங்கும் இறப்பர் மரங்கள். கரவனல்லையிற் களனி கங்கை நம்மோடு சேர்ந்துகொள்கின்றது. யட்டியாந்தோட்டை வரை அது அகன்று, மணல் ஏந்தி, அவசரமில்லாமல் நடக்கும் ஆறு. கித்துல்கலையை நெருங்க நெருங்க இருபுறமும் மலைகள் நெருக்குகின்றன. ஆறு கரும்பாறைகளில் மோதி நுரைக்கத் தொடங்குகின்றது. மேல்நோக்கிச் செல்வோருக்கு ஆறு வலப்புறம், மலைச்சுவர் இடப்புறம். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதனால், ஏறும் வண்டி மலையோரமாகவும் இறங்கும் வண்டி ஆற்றோரமாகவும் போகும். பள்ளத்தைக் கண்டு அஞ்சுவோர் ஏறும்போது இந்த வழியைத் தெரிவது நன்று. அக்கரையில் அடர்ந்த மழைக்காடு. மூங்கிற் புதர்கள் ஆற்றின் மேற் சாய்ந்து நிற்கும். இப்பக்கத்து மலையினுள்ளே பெலிலென என்னும் குகை இருக்கின்றது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கற்கால மனிதரின் எலும்புகளும் கருவிகளும் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன.

கித்துல்கலையின் பேரை உலகறியச் செய்தது 1957 இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலத் திரைப்படம். டேவிட் லீன் என்பார் இந்த ஆற்றின் மீது ஒரு மரப்பாலத்தைக் கட்டுவித்து, படத்துக்காகவே அதனைத் தகர்த்தார். இன்றும் அடித்தளச் சுவடுகள் சிலவற்றை அங்கே காட்டுவார்கள். வருகின்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு போகின்றார்கள். நான் அவ்விடத்திற் பிள்ளைகளை நிறுத்தி வேறொன்றையும் சொன்னேன். அப்படத்துக்கு மூலமான உண்மைப் பாதை சயாமையும் பர்மாவையும் இணைத்து யப்பானியப் படை 1942 இலும் 1943 இலும் அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான இருப்புப்பாதை. திரையில் நாம் காண்பது வெள்ளைக்காரப் போர்க்கைதிகளை மாத்திரமே. அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டது உண்மை. ஆயினும் அவர்களிலும் பன்மடங்கு தொகையாக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர். அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களை எண்ணி எழுதிவைக்க ஒருவருமில்லை. படத்திலும் அவர்களுக்கு இடமில்லை. இதைச் சொன்னபோது அதுவரை சத்தமிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அமைதியாகி விட்டார்கள். மலாயாவுக்கு உறவினரை அனுப்பிய குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் அநேகம் அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கித்துல்கலைக்குச் சற்று மேலே மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமுவ ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. அவ்விரண்டு ஓயாக்களிலும் அணைகள் உள. அணையிலிருந்து நீர் விடும்போது, வானம் தெளிவாயிருந்தாலும் ஆறு திடீரென உயரும். நாங்கள் உணவுக்காக நின்ற இடத்தில் எங்கள் மாணவர் இருவர் முழங்காலளவு நீரைக் கடந்து ஒரு பாறையிலேறி அமர்ந்திருந்தனர். அரைமணி நேரத்துக்குள் அந்த நீர் இடுப்பளவாயிற்று. கரையிற் கடை வைத்திருந்த ஒருவர் கயிற்றோடு ஓடிவந்து இருவரையும் இழுத்துக் கரையேற்றினார். நமது மொழி அவருக்குத் தெரியாது. என் சிங்களமும் அந்நேரத்தில் வாயில் வரவில்லை. இரு கைகளையும் பற்றிக்கொண்டு நின்றேன். பார்ப்பதற்கு அவ்விடம் போதும், இறங்கவேண்டாம்.

கித்துல்கலைக்கு மேலே வீதி ஆற்றை விட்டு விலகிக் கினிகத்தேனைக்கு ஏறுகின்றது. வீதிதான் விலகுகின்றது, ஆறு தன் வேலையை விடவில்லை. கீழே அந்த ஆழ்ந்த பள்ளத்தாக்குக்குள் நீர் அரைடசின் மின்நிலையங்களைச் சுழற்றுகின்றது. இந்நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று 1918 ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டியவர் விமலசுரேந்திர என்னும் நம் நாட்டுப் பொறியியலாளர். லக்சபானாவின் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். அவர் 1953 இற் காலமானார். தம் கணக்குச் சரியென்று காண்பதற்கு அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நேரமுள்ளவர்கள் கினிகத்தேனையிற் பிரியும் நோட்டன் வீதியிற் சென்று அபர்டீன் நீர்வீழ்ச்சியைக் கண்டு வரலாம். பெரிய பஸ் வண்டிக்கு அது உகந்த பாதையன்று.

அடுத்தது வட்டவளை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடம். யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகளிற் பெய்யும் மழையை அங்கே ஓராண்டிற் காணலாம். மே மாதம் முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் மலைச்சரிவு இது. அம்மாதங்களில் இவ்வழியைத் தெரிபவர்கள் மழையையும் மூடுபனியையும் தவிர வேறெதையும் காணமாட்டார்கள். சனவரி முதல் மார்ச்சு வரையே இதற்குத் தகுந்த காலம். அதிலும், பிற்பகலில் முகில் இறங்குமுன் அட்டனைத் தாண்டிவிட வேண்டும்.

அட்டன் மலைமுகட்டில் நின்று பிள்ளைகளுக்குப் புவியியல் ஆசிரியை காட்டியது எனக்கே புதிதாயிருந்தது. ஒரு பக்கம் விழும் மழைத்துளி களனியோடு சென்று கொழும்பு முகத்துவாரத்திற் கடலைச் சேரும். மறுபக்கம் விழுவது மகாவலியோடு தீவைச் சுற்றி வளைந்து திருகோணமலைக்கருகே கொட்டியாரக் குடாவை அடையும். தலவாக்கலையை நெருங்கும்போது டெவன் நீர்வீழ்ச்சியும், அதையடுத்துச் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் தோன்றும். பின்னதன் நீரில் ஒரு பகுதி 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்குத் திருப்பப்பட்டுவிட்டது. பகற்பொழுதில் அளவாக நீர் விடுகின்றார்கள். பழைய படங்களிற் கண்ட அருவியை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே.

தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே ரதெல்லைக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. சில கிலோமீற்றர்களை மிச்சப்படுத்தும் செங்குத்தான பாதை. 2023 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் திகதி, மாணவர் சுற்றுலா வந்த பஸ் ஒன்று அவ்விறக்கத்தில் ஒரு வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி, அவற்றிற் சென்ற ஏழு பேர் உயிரிழந்தனர். எங்கள் பயணப் பத்திரத்தில் நான் சிவப்பு மையால் எழுதிய ஒரே வரி, அப்பாதையில் ஏறுவதோ இறங்குவதோ கூடாது என்பதே. கால்மணி நேரம் பிந்தினாலும் பிந்தட்டும்.

இனி நாங்கள் கண்ட முடிவைச் சொல்லுகின்றேன். களனிப் பள்ளத்தாக்கினால் பஸ் வண்டியில் ஏறினோம். நுவரெலியாவில் இரண்டு இரவுகள் தங்கினோம். இறங்கும்போது பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் நானுஓயாவிற் புகையிரதத்தில் ஏற்றிப் பேராதனைக்கு அழைத்துச் சென்றேன். சாரதி வெறும் வண்டியோடு இறம்பொடை வழியாக மெதுவாக இறங்கி, அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார். மூன்றாம் வகுப்புச் சீட்டுக்குச் செலவான பணத்தை யார் கொடுப்பதென்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். புகையிரதம் வண்டியைக் காட்டிலும் நேரங்கழித்தே வந்தது என்பதும் உண்மை. ஆயினும் சன்னலோரத்தில் இடம்பிடிக்கப் பிள்ளைகள் செய்த ஆரவாரத்தைக் கேட்டவர்கள் செலவைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் 11 ஆம் திகதி காலை, இதே வானொலியிற் செய்தி கேட்டேன். கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் ஒன்று இறம்பொடைக்கு அருகே கெரண்டிஎல்லையிற் பள்ளத்துள் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நான் உடனே சாரதியின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவரும் கேட்டிருந்தார். இருவருக்கும் அதிகம் பேச வாய் வரவில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலும் மலைநாட்டுச் சரிவுகளைக் குலைத்து, வீதிகளையும் இருப்புப்பாதையையும் பல இடங்களில் உடைத்தது. ஆகவே நான் சென்ற வழி அப்படியே இருக்கும் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம். புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117. நானுஓயாப் புகையிரதம் ஓடுகின்றதா என்பதையும் முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லையாயின், ஏறிய களனி வீதியாலேயே காலை வெளிச்சத்தில் இறங்குங்கள். அப்போது ஆறு உங்கள் இடப்புறம், சன்னலுக்கு மிக அருகில் இருக்கும்.