நக்கீரராக வந்த முதலாளி

(ஆடிக் கிருத்திகையை ஒட்டி நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் ‘கந்தன் கருணை’ திரையிடுவதற்கு முன் ஆற்றிய உரை)



படம் ஓடும்போது சிவாஜியைப் பார்ப்போம், ஜெயலலிதாவைப் பார்ப்போம், முருகனாக வரும் சிவகுமாரைப் பார்ப்போம். இவர்களை இயக்கிய ஏ.பி.நாகராஜனைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச செயலாளர் சார் அனுமதி தந்திருக்கிறார்.

சேலம் பக்கம் அக்கம்மாபேட்டையில் 1928-ல் பிறந்தவர் ஏ.பி.என். சிறு வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அவருக்கு மேடைதான் பள்ளிக்கூடம். 1953-ல் வந்த ‘நால்வர்’ படத்துக்கு எழுதியவரும் அவர்தான், நடித்தவரும் அவர்தான். பிறகு வி.கே.ராமசாமியோடு சேர்ந்து படத் தயாரிப்பில் இறங்கினார். 1957-ல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் சிவாஜி கொங்குத் தமிழ் பேசியது இவருடைய வசனத்தில்தான். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தது 1962-ல், ‘வடிவுக்கு வளைகாப்பு’ படத்தில். அதற்குள் சினிமாவில் ஏறக்குறைய பத்து வருஷம் ஓடிவிட்டது.

இரண்டே வருஷத்தில் ‘நவராத்திரி’ வந்தது. சிவாஜிக்கு நூறாவது படம், அதில் ஒன்பது வேடம். நம் பிளாக்கில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதை நாகேஸ்வர ராவ் நடித்த படமாகப் பார்த்திருப்பீர்கள். இந்தியில் சஞ்சீவ் குமார் நடித்தார். கதை நம் ஏ.பி.என்னுடையது.

1965-ல் ‘திருவிளையாடல்’. தருமி காட்சி இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நாகேஷை எல்லோருக்கும் தெரியும். எதிரே நக்கீரராக நின்றது யார் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். அது ஏ.பி.என்.தான். இதே காட்சியை 1956-ல் ‘நான் பெற்ற செல்வம்’ படத்துக்குள் ஒரு நாடகமாக அவர் எழுதியிருந்தார். அதில் சிவன், நக்கீரர் இரண்டு வேடமும் சிவாஜிக்கே. ஒன்பது வருஷம் கழித்துத் தன் சொந்தத் தயாரிப்பில் நக்கீரரைத் தனக்கு வைத்துக்கொண்டார். பக்திப் படம் எடுக்கிறோம் என்பதற்காக நக்கீரரை அவர் சிறியவராக்கவில்லை. கடவுளே எழுதினாலும் பாட்டில் பிழை இருந்தால் பிழை என்று சொல்லும் புலவர், கடைசிவரை தலை நிமிர்ந்தே நிற்கிறார். சங்கக் கூட்டத்தில் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று எனக்கு அந்தக் காட்சியில் தோன்றும். கேட்பவர் எதிரி இல்லை என்பதுதான் அந்தக் காட்சியின் முடிவும்.

‘கந்தன் கருணை’ 1967-ல் வந்தது. தயாரிப்பு ஏ.எல்.சீனிவாசன். சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது அந்த ஆண்டுதான் தொடங்கியது. முதல் விருதே இந்தப் படத்துக்காக கே.வி.மகாதேவனுக்குக் கிடைத்தது. முருகனின் கோபம் தணிந்த மலைக்குக் கீழே உட்கார்ந்து அந்த இசையைக் கேட்கப் போகிறோம்.

நம் ஊரோடு ஏ.பி.என்னுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அவர் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தைச் சேர்ந்தவர். வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய கழகம் அது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்ததில் அந்தப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1968-ல் ‘தில்லானா மோகனாம்பாள்’. அந்த உயரத்துக்குப் போனவர் அடுத்த வருஷமே ஒரு சிறுவனை நம்பி, மாமல்லபுரத்தில், சிறு செலவில் ‘வா ராஜா வா’ எடுத்தார். வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதனை அதில் இசையமைப்பாளராக்கினார். 1970-ல் ‘திருமலை தென்குமரி’. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் பல குடும்பங்கள் ஒரே பஸ்ஸில் திருமலையிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் கதை. சண்டை, சமாதானம், சீட்டுத் தகராறு என்று நம் குடியிருப்பையே பஸ்ஸில் ஏற்றியதுபோல இருக்கும்.

1973-ல் ‘ராஜராஜ சோழன்’, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். 1977-ல் எம்.ஜி.ஆரை வைத்து ‘நவரத்தினம்’. அந்த வருஷமே காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

எழுத்து, நடிப்பு, தயாரிப்பு, இயக்கம் என்று நாலு வேலையையும் பார்த்தவர். ஆனால் ஆண்டுதோறும் அவர் படங்களைப் போடும் நமக்கு அவர் முகம் தெரியாது. அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த திரையிடலுக்கு ‘திருமலை தென்குமரி’யைப் போடுங்கள். இன்றைக்குப் படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடுமே, அப்போது யாரும் பாப்கார்ன் வாங்க எழுந்து போகாதீர்கள்.