வயல் சொல்லும் சாட்சியம்

(கமக்காரரும் கற்றோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாம் சட்டம் பயின்றவர்கள். பயிர்நோய் நூல் பயின்றவர்கள் அல்லோம். ஆயினும் சாட்சியம் இல்லாத வழக்கு என்னவாகும் என்பதை நாம் நன்கு அறிவோம். இன்று நெல்லிலையில் தோன்றும் ஒரு புள்ளியைப் பற்றிய வழக்கையே உங்கள் முன் வைக்கின்றோம்.

1943ஆம் ஆண்டு வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பர். அதற்கு முந்திய 1942ஆம் ஆண்டிலே, அங்கு நெற்பயிரைக் கபிலப் புள்ளி என்னும் பங்கசு நோய் தாக்கியிருந்தது. 1973இல் பத்மநாபன் என்னும் பயிர்நோய் விஞ்ஞானி, அப்பஞ்சத்துக்கு இந்நோயே பெருங்காரணம் என எழுதினார். அவர் காட்டிய ஆதாரம் யாது? பாங்குரா, சின்சுரா என்னும் இரு நெல் ஆராய்ச்சி நிலையங்களின் விளைச்சற் கணக்கு. 1981இல் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், அரிசிக் குறைவிலும் பார்க்க, அதை வாங்கும் வலுவை ஏழைகள் இழந்தமையே காரணம் என வாதித்தார். வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. பரந்த மாகாணம் ஒன்றுக்காக இரண்டு நிலையங்களே சாட்சி சொல்ல நேர்ந்தமையை எண்ணிப் பாருங்கள்! ஊர்தோறும் வயல்களை நோக்கி, பயிர் நிற்கும்போதே வரைந்த படமொன்று இருந்திருப்பின், அது ஆராய்ச்சியாளருக்கு மட்டுமன்றி, பசித்த மக்களுக்கும் முன்னறிவித்தலாய் உதவியிருக்குமன்றோ?

அத்தகைய ஆராய்ச்சியின் பயனைக் கோதுமையிலே காணலாம். ஆக்ராவில் பணியாற்றிய கே. சி. மேத்தா, பல ஆண்டுகள் இந்தியாவெங்கும் துரு நோயைத் தேடி ஆராய்ந்து, 1940இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சமவெளியின் கோடை வெப்பத்தில் மாயும் அப்பங்கசு, வடக்கே இமயச் சாரலிலும் தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் உயிர்தரித்து, காற்றிலேறி மீண்டும் சமவெளிக்கு இறங்குகின்றது எனக் காட்டினார். தன் வயலை மட்டும் நோக்கும் கமக்காரனுக்கு இவ்வுண்மை ஒருநாளும் புலப்படாது. பல வயல்களை ஒருங்கே நோக்கியதால் விளைந்த அறிவு இது.

நோய்ப்படம் வரைவது எங்ஙனம்? வரம்பில் நின்று கண்ணோட்டம் விட்டுத் திரும்புவது மதிப்பீடு ஆகாது. வயலினுள்ளே குறுக்காக நடந்து, பல இடங்களில் இலைகளைப் பார்த்து, பரப்பில் எத்தனை பங்கு நோயுற்றது என மதிப்பிடல் வேண்டும். நெல்லினம், பயிரின் வயது, திகதி, இடம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். நோயில்லாத வயலையும் குறித்தல் வேண்டும். ஒருபக்கச் சாட்சியை மட்டும் கேட்டு எந்த நீதவான் தீர்ப்பளிப்பார்?

நோயின் பெயரைப் பிழையாக எழுதினாலோ தீங்கு இரட்டிப்பாகும். கபிலப் புள்ளி பெரும்பாலும் சத்துக் குன்றிய மண்ணிலே தலைதூக்குவது. எரிபந்தமோ, தழைச்சத்து மிகுந்த பயிரிலே கொழுப்பது. எரிபந்தம் பற்றிய வயலில், பயிர் மெலிந்ததென்று மேலும் யூரியா இடுபவர் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பவரே.

கமக்காரப் பெருமக்களே! நோயுண்டென்று சொன்னால் விதைநெல் விலைபோகாதே, கடன் கிடையாதே என அஞ்சி மறைக்காதீர்கள். பங்கசின் வித்தி வரம்பு பார்த்துப் பறப்பதில்லை. நீங்கள் மறைப்பது அயலவரின் வயலையும் அழிக்கக்கூடும்.

கற்றறிந்த அன்பர்களே! உங்களுக்கும் ஒரு கடன் உண்டு. உண்மை சொன்ன கமக்காரன் அதனால் நட்டமடையாதிருக்க வழிசெய்யுங்கள். அவன் தந்த விபரம் அலுவலகக் கோவைக்குள் உறங்கலாகாது. அடுத்த விதைப்புக்கு முன்னர், அவனுடைய மொழியிலே, அவனுடைய ஊரின் பெயர் பொறித்த படமாக அது அவன் கைக்குத் திரும்புதல் வேண்டும். இதனை நாம் சலுகையாகக் கேட்கவில்லை. சாட்சி சொன்னவனுக்குத் தீர்ப்பை அறியும் உரிமை உண்டு.